சதுக்கப்பூதமும் பரங்குன்றப் பூதமும்

முன்னுரை

பூதம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் இக்காலத்தார் உள்ளத்தில் எழுவது பருத்த வயிறும் குறுகிய காலும் பிதுங்கிய விழியும் உடைய ஓர் உருவமே. சிறுவரை அச்சுறுத்தற்கும், கதைகேட்பாரை நகைப்பித்தற்கும் உரிய ஒன்றாக அது சுருங்கிவிட்டது. பண்டைத் தமிழகத்தில் அதன் நிலை இதுவன்று. நகரத்தின் நாற்சந்தியில் நின்று, அரசன் கண்ணுக்குத் தப்பிய குற்றத்தைக் கண்டு ஒறுக்கும் பணி அதற்கு உரியதாக இருந்தது. அப்பணி எங்ஙனம் தோன்றியது, மதுரையின் கதைமரபில் எங்ஙனம் உருமாறியது, முற்றும் அழிந்ததா அன்றி வேறு வடிவில் எஞ்சியதா என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கொரிய நாட்டு வழக்கில் உள்ள 'தொக்கேபி' என்னும் பூதம் ஓர் ஒப்புமைக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு காண முயன்று ஹோமர் ஹல்பர்ட் என்பார் 1905-ஆம் ஆண்டில் ஓர் ஒப்பிலக்கணம் வெளியிட்டார். அவர் கொண்ட முடிபினை இற்றை மொழிநூலார் ஏற்பதில்லை. ஈண்டுச் செய்யப்படும் ஒப்பீடும் உறவு நாட்டுவதற்கன்று. வேற்று நாட்டுப் பூதத்தை அருகில் நிறுத்திப் பார்க்குங்கால், நம் பூதத்தின் தனித்தன்மை தெளிவாகப் புலப்படும் என்பதே கருத்து.

1. சொல்லும் பொருளும்

பூதம் என்பது வடசொல் வழிவந்தது. 'உளதாதல்' என்னும் பொருள் தரும் வேரினின்று பிறந்தது. புறநானூற்று இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் அச்சொல்லை நிலம் முதலிய ஐந்தனையும் குறிக்க ஆண்டுள்ளார். அப்பொருள் ஈண்டைக்கு வேண்டுவதன்று. உருவும் உணர்வும் உடைய ஆற்றலாகக் கருதப்பட்ட பூதமே நம் ஆராய்ச்சிக்குரியது.

பேய், கூளி, அணங்கு, பூதம் என்பனவற்றை ஒன்றாகக் கொள்வார் உளர். இலக்கியம் அவற்றை வேறுபடுத்தியே காட்டுகிறது. பேய் களத்திலும் காட்டிலும் திரிவது. நிணம் உண்டு துணங்கை ஆடுவது. திருமுருகாற்றுப்படையின் முதற்பகுதியில் வரும் பேய்மகள் இதற்குச் சான்றாவாள். அணங்கு மலையிலும் நீரிலும் உறைந்து வருத்துவது. பூதமோ ஓர் இடத்தில் நிலைபெற்று ஒரு கடமையை மேற்கொள்வது. பட்டினப்பாலை பூதம் காவல் செய்யும், பிறர் எளிதிற் புகற்கரிய நகர் ஒன்றனைக் கூறுகிறது. நற்றிணை 192-ஆம் பாட்டு, கொல்லிமலைப் பாவையைப் பூதம் இயற்றியதாக மொழிகிறது. காவலும் வினைத்திறனும் ஆகிய இவ்விரண்டும் சங்கப் பாடல்களில் பூதத்திற்குரிய இயல்புகளாகக் காணப்படுகின்றன.

அச்சந்தரும் பொருளாக மட்டும் பூதம் கருதப்படவில்லை என்பதற்கு மக்கட்பெயரும் சான்றாகும். ஈழத்துப் பூதன்தேவனார், கருவூர்ப் பூதஞ்சாத்தனார் எனப் புலவர் பெயர்கள் வழங்கின. ஆழ்வார் மூவருள் கடல்மல்லையிற் பிறந்தவர் பூதத்தாழ்வார். பாண்டியர் குடியில் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் என்னும் வேந்தன் இருந்தான். அவன் பாடிய வஞ்சினப் பாட்டு புறநானூற்றில் 71-ஆம் பாட்டாக உள்ளது. பகைவரை வெல்லேனாயின், அறங்கூறவையத்துத் தகுதியில்லான் ஒருவனை அமர்த்தி முறை பிறழ்ந்த பழி என்னைச் சேர்க என்பது அவன் மொழிந்த வஞ்சினங்களுள் ஒன்று. இப்பெயரையும் இக்கருத்தையும் இணைத்துப் பெரிதும் பேசுதல் தகாது. எனினும் அஞ்சி விலக்கத்தக்க ஒன்றன் பெயரை வேந்தரும் அடியாரும் தாங்கியிரார் என்பது ஒருதலை.

2. புகாரின் சதுக்கம்

பூதத்தின் கடமையை விரிவாகக் கூறும் நூல் சிலப்பதிகாரமே. உ.வே. சாமிநாதையர் 1892-இல் அதனைப் பதிப்பித்த பின்னரே இச்செய்திகள் கற்றோர் பலர்க்கும் தெரியவந்தன. இந்திரவிழவூரெடுத்த காதையில் இருவகைப் பூதங்கள் சொல்லப்படுகின்றன. மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே நாளங்காடியில் நின்றது ஒன்று. முசுகுந்தன் என்னும் வேந்தற்கு உற்ற இடுக்கண் தீர்த்து, இந்திரன் ஏவலாற் புகாருக்கு வந்தது அது. அதன் பீடிகையில் மறக்குடி மகளிர் புழுக்கலும் எள்ளுருண்டையும் நிணச்சோறும் பூவும் புகையும் பொங்கலும் இட்டு வழிபட்டனர். மற்றொன்று பூதசதுக்கத்தில் நின்றது. வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பாவை மன்றம் என்பவற்றோடு சேர்த்து ஐவகை மன்றங்களுள் ஒன்றாக எண்ணப்பட்ட மன்றம் அது.

இப்பூதசதுக்கத்திற் கூறப்படும் குற்றவாளிகள் அறுவர்: தவவேடத்துள் மறைந்து தீது செய்வார், மறைவில் ஒழுக்கம் தவறும் மகளிர், வஞ்சக அமைச்சர், பிறர்மனை விழைவார், பொய்ச்சான்று கூறுவார், புறங்கூறுவார். நான்கு காதத் தொலைவு கேட்கும்படி குரல் எழுப்பி, இவர்களைப் பாசத்தாற் கட்டிப் புடைத்துண்ணும் என்பது காதை தரும் செய்தி. இப்பட்டியலில் களவும் கொலையும் இல்லாமை கருதத்தக்கது. அவை அரசன் காவலர் காணக்கூடியன. பூதத்திற்கு விடப்பட்டவை யாவும் மறைந்து நிகழ்வன. வேடத்தாலும் சொல்லாலும் மூடப்படுவன. அரசன் முறை செல்ல இயலாத இடத்தே பூதத்தின் முறை தொடங்குகிறது.

இவ்வெல்லைப் பங்கீட்டை மணிமேகலை வெளிப்படையாகவே உரைக்கிறது. சிறைசெய் காதையில் மருதி என்னும் பார்ப்பனி, ககந்தன் மகன் தன்னை விரும்பியதற்கு உளம் நைந்து சதுக்கப்பூதத்தின்முன் முறையிடுகிறாள். குற்றத்தை ஒறுக்க மன்னனுக்கு ஏழு நாள் உண்டு. அவன் வழுவிய பின்னரே தன் முறை வரும் என்கிறது பூதம். அவ்வேழு நாளுள் ககந்தன் தன் மகனை வாளால் வீழ்த்தினான். எனவே பூதத்தின் ஆணை அரசாணைக்குப் பகையன்று. அதன் பின்னே நிற்கும் இரண்டாம் ஆணை. முதல் அவை செய்யத் தவறியதைச் செய்யும் மேலவை என அதனை விளக்கலாம்.

இக்கருத்து புகார் நகரோடு நின்றதன்று. பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்துக்குரிய பதிகம், இளஞ்சேரல் இரும்பொறை சதுக்கப்பூதரைக் கொணர்ந்து தன் நகரில் நிறுவியதனை அவன் செயல்களுள் ஒன்றாக வைத்துப் போற்றுகிறது. சிலப்பதிகாரத்து நடுகற் காதையும் சேரர்குடி வேந்தன் ஒருவன் சதுக்கப்பூதரை வஞ்சியுட் கொணர்ந்த செய்தியைக் கூறுகிறது. ஒரு நகரத்து வழிபாட்டுப் பொருளைப் பிறிதொரு நகரத்து மன்னன் விரும்பிப் பெற்று நிறுவுதல் வரலாற்று நோக்கில் இன்றியமையாத செய்தியாகும். மக்களால் அஞ்சப்பட்ட வெறும் பேயாயின் அதனை எம்மன்னனும் கொணரான். நகர அமைப்பின் ஓர் உறுப்பாக அது மதிக்கப்பட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

3. மதுரையை நீங்கிய நான்கு பூதங்கள்

புகாரின் பூதத்தை நினைவூட்டும் கதையொன்று மதுரைப் புறஞ்சேரியில் நிகழ்கிறது. அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனது பழஞ்செயல் ஒன்றனை எடுத்துரைக்கிறான். கற்புடையாள் ஒருத்தியின்மேல் வறியவன் ஒருவன் பொய்ச்சான்று கூறினான். பூதத்தின் பாசத்தில் அகப்பட்டான். அவன் தாய் படும் துயர் பொறாது, தன்னுயிரைக் கொண்டு அவனுயிரை விடுமாறு கோவலன் வேண்டினான். தீயோன் உயிர்க்கு ஈடாக நல்லோன் உயிரைக் கொள்ளும் வழக்கம் தன்பால் இல்லை எனப் பூதம் மறுத்தது. பின்னர் இறந்தவன் சுற்றத்தாரைக் கோவலன் பல்லாண்டு புரந்தான்.

இக்கதை ஈண்டு வைக்கப்பட்டது வறிதே அன்று. பொய் கூறினான் ஒருவனுக்காகத் தன்னுயிர் தர முன்வந்தவன், அடுத்து நகரினுட் புகுந்து, பொற்கொல்லன் கூறிய பொய்யால் உயிர் துறக்கிறான். புகாரிற் பொய்யனைப் பாசம் பிணித்தது. மதுரையிற் பொய்யனை நம்பி மன்னனின் வாள் குற்றமற்றவனை வெட்டியது. மருதிக்குக் கிடைத்த ஏழு நாள் கோவலனுக்குக் கிடைக்கவில்லை.

அங்ஙனமாயின் மதுரையிற் பூதங்கள் இல்லையோ எனின், இருந்தன. அழற்படு காதை அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்னும் நால்வகையார்க்கும் உரிய நான்கு பூதங்களை நிறமும் அணியும் படையும் கூறி விரித்துரைக்கிறது. அவை கண்ணகியின் முன்னிலையில், கோமுறை பிழைக்கும் நாளில் இந்நகரைத் தீ உண்ணும் என்பதனைத் தாம் முன்பே அறிந்திருந்தமையால், நகரை விட்டு நீங்குதல் இயல்பே எனக் கூறித் தத்தம் வழிச் செல்கின்றன.

புகாரின் பூதம் குற்றவாளியைக் கட்டியது. மதுரைப் பூதங்கள் பொற்கொல்லனைக் கட்டவில்லை, நகரைக் கைவிட்டன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் முன்னர்க் காட்டிய எல்லைப் பங்கீட்டிலேயே உள்ளது. குடிமகன் ஒருவன் பிழைத்தால் அரசன் ஒறுப்பான்; அரசன் காணாவிடின் பூதம் ஒறுக்கும். அரசனே பிழைத்தால் பூதத்தால் ஆவது யாது? இரண்டாம் அவை முதலவையின் பின்னே நிற்பது. முதலவை வீழுமாயின் அதற்கு நிற்குமிடம் இல்லை. ஆகவே நீங்குதல் ஒன்றே அதன் தீர்ப்பு. காவல் நீங்கிய நகரைத் தீ உண்டது. அரசியல் பிழைத்தார்க்கு அறம் கூற்றாதல் காட்டப்புகுந்த காப்பியம், அக்கூற்று வருமுன் காவற் பூதங்களை வெளியேற்றுதல் மிகப் பொருத்தமுடையதாகும்.

4. கொரியத் தொக்கேபி

இவ்விடத்துத் தொக்கேபியை அருகில் நிறுத்திக் காண்போம். கொரிய மொழி நூல்களில் அச்சொல்லின் பழைய வடிவம் 1447-ஆம் ஆண்டுப் பௌத்த நூலான 'சொக்போ சாங்ஜோல்' என்பதிற் காணப்படுகிறது. நல்வாழ்வும் நீண்ட ஆயுளும் வேண்டி மக்கள் அதனை அழைத்து வழிபட்டமை அதனால் அறியப்படும். அதனினும் பழைமையான கதை, இர்யோன் என்னும் துறவி கி.பி. 1281-ஐ ஒட்டித் தொகுத்த 'சம்குக் யூசா'வில் உள்ளது. சில்லா நாட்டு வேந்தன் ஜின்பியோங் (579-632) காலத்தில், இறந்த முன்னோனின் ஆவிக்கும் ஒரு பெண்ணுக்கும் பிறந்த பிஹ்யோங் என்பான், இரவுதோறும் ஆற்றங்கரையில் ஆவிக்கூட்டத்தோடு விளையாடினான். வேந்தன் பணிப்ப, அக்கூட்டத்தைக் கொண்டு ஓரிரவிற் பாலம் ஒன்று கட்டி முடித்தான். அவருள் கில்தால் என்னும் ஒருவன் அரசுப் பணியிலும் அமர்ந்தான். பின்னர் நரியாக உருமாறி ஓடினான். பிஹ்யோங் ஏவிய ஆவிகள் அவனைப் பிடித்துக் கொன்றன. மூலநூல் இவற்றை ஆவி என்ற பொதுச்சொல்லாலேயே குறிப்பினும், தொக்கேபியின் முன்னோடிகள் இவையே என ஆய்வாளர் பலர் கருதுவர்.

நாட்டார் கதைகளில் தொக்கேபியின் பிறப்பு வியப்பானது. மனிதர் கைபட்டுத் தேய்ந்து எறியப்பட்ட துடைப்பம், உலக்கை முதலிய பொருள்களே இரவில் அவ்வுருக் கொள்ளும். குருதி தோய்ந்த துடைப்பம் அங்ஙனமாதல் பெருவழக்கு. வழிப்போக்கன் ஒருவன் இரவெல்லாம் அதனோடு மற்போர் செய்து வென்று மரத்திற் கட்டிவிட்டு, விடிந்தபின் வந்து பார்த்தால் அங்கே இருப்பது பழந்துடைப்பம். வேண்டியது தரும் தடியும், அணிந்தாரைப் பிறர் காணாவண்ணம் மறைக்கும் தொப்பியும் அதற்கு உண்டு. நெற்கள்ளும், 'மேமில்' என்னும் கூலமாவிற் செய்த களியும் அதன் விருப்புணவுகள். மேற்குக் கடற்கரை மீனவர் மீன்வளம் வேண்டி அதற்குப் படையலிடுதலும் உண்டு. நல்ல உள்ளத்தான் அதன் தடியைப் பெற்றுச் செல்வனாகிறான். அவனைக் கண்டு பேராசையுற்றுச் சென்றவன் அடிபட்டு மீள்கிறான்.

உணவு விருப்பம், வினைத்திறன், நன்மை தீமைக்கு ஏற்ற பயன் தருதல் என்பன இரு நாட்டுப் பூதங்கட்கும் பொதுவாயின. கொல்லிப்பாவை இயற்றிய பூதமும் ஓரிரவிற் பாலம் கட்டிய கூட்டமும் ஓரினத்தனவே போலத் தோன்றும். ஆயின் வேற்றுமையே நமக்கு வேண்டுவது. தொக்கேபி மனையின் பழம்பொருளிற் பிறந்து, வழியிலும் வயலிலும் தனிமனிதன் எதிர்ப்படுவது. அவன் பேராசையை அளப்பது. தமிழ்ப் பூதம் நகரின் நாற்சந்தியில் நிலைபெற்றது. மன்றத்திற் பேசப்படும் சொல்லின் மெய்ம்மையை அளப்பது. முன்னது அயலான்போல வந்து போவது, பின்னது பதவியுடையது. கில்தால் அரசுப் பணி ஏற்றும் அதில் நிலைக்காது ஓடினமை இவ்வேறுபாட்டிற்கு நல்ல எடுத்துக்காட்டாம்.

5. குண்டோதரன்

பதவியுடைய பூதத்திற்கு அப்பதவி போயின் என்னாகும்? மதுரையின் பிற்காலக் கதைமரபு இதற்கு விடை தருகிறது. நகரைக் காக்கும் பொறுப்புப் பெருங்கோயிலின் இறைவன்பாற் சென்றபின், பூதம் அவன் ஏவலிற் பணிபுரியும் கணமாயிற்று. பல்லவர் பாண்டியர் கோயில்களின் கொடுங்கையின் கீழ் வரிசையாக ஆடியும் இசைத்தும் நிற்கும் குறுவடிவங்கள் இந்நிலையின் சின்னங்கள். அவ்வரிசைக்குப் 'பூதவரி' என்றே பெயர்.

பரஞ்சோதியார் திருவிளையாடற் புராணத்தின் 7, 8-ஆம் படலங்கள் குண்டோதரன் கதையைக் கூறுகின்றன. தடாதகைப் பிராட்டியின் திருமணத்தில் விருந்தினர் உண்டபின்னும் உணவு மலைபோல் எஞ்சியது. அச்செல்வப் பெருக்கை எண்ணிப் பிராட்டி உரைத்ததற்கு, இறைவன் குண்டோதரன் என்னும் குறட்பூதத்திற்குப் பசியைத் தந்தான். எஞ்சிய யாவும் உண்டும் அப்பசி அடங்கவில்லை. அன்னக்குழிகள் தோன்றின, நீர்வேட்கை தணிக்க இறைவன் கை வைக்கப் பணித்த இடத்தே வையை பெருகியது.

இக்கதையில் தண்டமும் பாசமும் இல்லை. எனினும் பூதம் இங்கும் ஒன்றை அளக்கவே பயன்படுகிறது; அரண்மனையின் செல்வச்செருக்கு அதன் வயிற்றால் அளக்கப்படுகிறது. நாளங்காடியிற் புழுக்கலும் பொங்கலும் பெற்ற பழம்பசியும் அதனிடத்தே உள்ளது. முறை வழங்கிய பூதத்தின் தீர்ப்பு இறைவன் கைக்கு மாறியது. தீர்ப்பினை நிறைவேற்றும் உடல் மட்டும் பூதத்தினிடம் எஞ்சியது.

6. பரங்குன்றத்துக் குகை

மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலம் செல்லும் பெருவழியில் கப்பலூர் முதலிய ஊர்கள் அமைந்த சமநிலத்தினின்று வடகிழக்கே நோக்குவார்க்கு, ஒரு பெரும்பாறையாய்த் தோன்றுவது திருப்பரங்குன்றம். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில் சாத்தன் கணபதி செய்த திருப்பணியைக் கூறும் கல்வெட்டு இதன் குடைவரையில் உள்ளது. அதிற் குறிக்கப்பட்ட கலியாண்டு 3874, கி.பி. 773 ஆகும். இக்குன்றத்தைச் சார்ந்தே மூன்றாவது பூதக்கதை வழங்குகிறது.

நக்கீரர் பொய்கைக் கரையிற் சிவபூசை செய்திருந்தார். மரத்தினின்று உதிர்ந்த இலை ஒன்று பாதி நீரிலும் பாதி நிலத்திலும் வீழ, நீர்ப்பட்டது மீனாகவும் நிலத்திற்பட்டது பறவையாகவும் மாறி ஒன்றையொன்று ஈர்த்தன. அதனைக் கண்ட நக்கீரரின் கருத்துப் பூசையினின்று பிறழ்ந்தது. அவ்வளவில் கற்கிமுகி என்னும் குதிரைமுகப் பூதம் அவரைப் பற்றிக் குகையில் அடைத்தது. முன்னரே அங்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதின்மர் இருந்தனர். ஆயிரவர் நிறைந்தபின் உண்ணுதல் பூதத்தின் நோன்பு. நக்கீரர் திருமுருகாற்றுப்படை பாட, முருகன் வேலாற் குகையைப் பிளந்து யாவரையும் மீட்டான்.

ஆற்றுப்படையின் அகத்தே இக்கதைக்குரிய குறிப்பு ஒன்றும் இல்லை. பிற்காலத் தலபுராணங்களே இதனை வழங்குவன. ஆகவே இது நூலின் வரலாறாகாது. ஆயின் பூதத்தின் வரலாற்றிற்கு இது சிறந்த சான்று. ஆயிரவரைச் சேர்த்து உண்ணும் அரக்கர் கதை உலகெங்கும் உண்டு; இதுவும் அவற்றுள் ஒன்றே எனத் தடை எழுப்பலாம். பொதுவான அரக்கன் அகப்பட்டாரை எல்லாம் பற்றுவான். கற்கிமுகியோ அங்ஙனம் செய்யவில்லை. வழிபாட்டில் வழுவினாரை மட்டுமே அது பற்றுகிறது. நக்கீரர் வழுவுமளவும் அவரை அணுகவில்லை. மறைவில் நிகழ்ந்த வழுவைக் கண்டு, வழுவினானைப் பற்றி, உண்ணுதல் என்னும் முறைமை சதுக்கப்பூதத்தின் முறைமையே அன்றோ?

மாறியவை இரண்டு. முன்னர்க் குற்றம் மன்றத்திற் கூறிய பொய்யாக இருந்தது. இப்போது தனித்திருந்தான் ஒருவனின் உள்ளச் சிதைவாயிற்று. முன்னர்ப் பூதத்தின் தண்டம் அறமாக இருந்தது. இப்போது அதுவே அடக்கத்தக்க கொடுமையாயிற்று. புகாரிற் கோவலன் உயிரே தருவேன் என்றும் பூதம் நெகிழவில்லை. பரங்குன்றிற் பாட்டொன்றே குற்றவாளியை விடுவித்தது. அறத்தை ஒறுப்பால் நிறுத்திய காலம் சென்று, அருளால் குற்றம் நீங்கும் என்ற காலம் வந்தமையை இவ்விரு கதைகளும் அடுத்தடுத்து நின்று காட்டுகின்றன. குடைவரையில் அமைந்த முருகன் திருவுருவிற்கன்றி வேலுக்கே திருமுழுக்கு நிகழும் இத்தலத்தில், பாறை பிளந்த வேலின் கதை மக்கள் உள்ளத்தில் நிலைத்தது இயல்பே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தமிழ்ப் பூதம் தொடக்கத்தில் அச்சப்பொருளாக மட்டும் அன்றி, அரசமுறையின் பின்னே நின்ற இரண்டாம் முறையாகக் கருதப்பட்டது என்பதும், மதுரைக் கதைமரபில் அது நீங்குங் காவலாகவும் ஏவற் கணமாகவும் அடக்கத்தக்க கொடியதாகவும் படிப்படியே மாறியது என்பதும், அம்மாற்றங்களுக்கிடையேயும் வழுவை அளக்கும் அதன் பழம்பணி அறவே மறையவில்லை என்பதும் பெறப்படும்.

இக்காலத்துப் பூதவுருவோ பெரும்பாலும் வேற்றுவரவு. அராபியக் கதையிலுள்ள 'ஜின்' தமிழிற் 'பூதம்' என்றே பெயர்க்கப்பட்டது. 1967-இல் வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' என்னும் திரைப்படம் குடுவையினின்று வெளிப்பட்டு ஏவல் செய்யும் அவ்வுருவையே எங்கும் பரப்பியது. கொரியாவிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. கொம்புடைய தொக்கேபி உருவம், சப்பானிய ஆட்சிக்காலத்துப் பாடநூல்களின் வழியாக அந்நாட்டு 'ஓனி' உருவினின்று வந்தது என அறிஞர் சிலர் எடுத்துக்காட்டினர். தம் நாட்டுத் தொக்கேபியின் பழையவுருவை மீட்டறியும் ஆராய்ச்சியும் அங்கே நிகழ்ந்துள்ளது.

நம்மிடத்தும் அத்தகு முயற்சி வேண்டும். மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களின் ஐயனார் கோயில்களில் சுடுமண் குதிரையைத் தாங்கி நிற்கும் பூதவுருவங்களையும், ஊரெல்லைத் தெய்வத்தின் முன் நின்று பொய்ச்சத்தியம் செய்ய இன்றும் அஞ்சும் மக்களின் வழக்கையும் காப்பியச் செய்திகளோடு இயைத்து ஆராய்தல், பட்டப்பின்படிப்பு மாணவர்க்கு ஏற்ற பணியாகும். நாற்சந்தியில் நின்ற பூதம் இன்று இல்லை. பொய்ச்சான்றுக்கு அஞ்சும் நெஞ்சம் ஊரெல்லையில் எஞ்சியிருக்குமாயின், சதுக்கம் முற்றும் வெறுமையாகவில்லை என்று கொள்க.